பொந்துவாஸின் சிவப்புக் கூரைகள்: குளிர்காலப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 18, செவ்வாய் – பாரிஸ்

ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அந்தக் கூட்டமும் சேர்ந்து செவ்வாய்க் காலையில் வந்து நிற்கிறது. இணையத்தில் 16 யூரோவுக்குச் சீட்டு எடுத்தவர்களுக்குத் தனி வாசல் உண்டு. அங்கேயும் தூறலில் நின்றுதான் ஆகவேண்டும். உள்ளே போனதும் கீழ்த்தளச் சிற்பங்களில் மயங்கி நிற்காமல் நேரே ஐந்தாம் தளத்துக்கு ஏறிவிடுவது நல்லது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் (மோனே முதலானவர்கள் 19ஆம் நூற்றாண்டில், மாறும் வெளிச்சத்தின் கணநேரத் தோற்றத்தைப் பிடிக்கத் தீட்டியவை) எல்லாம் அங்கேதான். பதினொன்றரைக்கு மேல் மோனேயை எட்டிப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது.

இந்தப் பயணம் ஒரே ஒரு படத்துக்காக. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் கமீய் பிசாரோ 1877இல் பாரிஸுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாஸ் ஊரில் வரைந்த ‘சிவப்புக் கூரைகள், கிராமத்தின் ஒரு மூலை, குளிர்காலம்’. அதன் முன்னால் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் நிற்கவில்லை. அச்சில் பார்த்துப் பழகியவர்கள் நேரில் கண்டால் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். உயரம் 54.5 செ.மீ., அகலம் 65.6 செ.மீ. பிரெஞ்சுக் கடைகளில் அந்தக் காலத்திலிருந்தே விற்கிற ‘15 எண், ஃபிகர்’ அளவு கித்தான் (கேன்வாஸ்) இது. ஒவ்வொரு எண்ணிலும் மூன்று வடிவம்: ஆள் உருவத்துக்கு ஃபிகர், நிலக்காட்சிக்குப் பெய்சாஜ், கடலுக்கு மரீன். 65 செ.மீ. அகலத்துக்கு உயரம் முறையே 54, 50, 46. பிசாரோ நிலக்காட்சியைத் தீட்டியது ஆள் உருவத்துக்கான கித்தானில். இதில் காரணம் இருக்கிறது. சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வீடுகளுக்குக் கிடையாக நீண்ட சட்டம் ஒத்துவராது. தொடுவானத்தை மேலே தள்ளி, குன்றைச் சுவர் மாதிரி நிமிர்த்த நாலு செ.மீ. கூடுதல் உயரம் உதவுகிறது.

அருகில் போனால் படம் வேறு. ‘இம்ப்ரெஷனிசம்’ என்றால் ஈரத்தின்மேல் ஈரமாக ஒரே மூச்சில் வீசி முடித்த வேலை என்று நினைப்பவர்கள் இதன் இடது ஓரத்தில் நின்று, விளக்கொளி சாய்ந்து விழும் கோணத்தில் பார்க்க வேண்டும். வண்ணம் பொருக்குப் பொருக்காக நிற்கிறது. ஒரு அடுக்கு காய்ந்த பிறகு அதன் மேடுகளில் மட்டும் தூரிகை உரசிப் போன தடம் தெரிகிறது. ஒரே அமர்வில் இப்படி வராது. கூரைச் சிவப்பின் சின்னச் சின்னத் துணுக்குகள் முன்னால் இருக்கிற தோட்டத்து மண்ணிலும் விழுந்திருக்கின்றன. குன்றின் பச்சை, வீட்டுச் சுவர் நிழலுக்குள் வந்திருக்கிறது. கூரைகளுக்கு முன்னால் இலையில்லாத மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக. வீட்டைக் காட்டுகிற படம் என்று பெயர், ஆனால் வீட்டை மறைக்கிற கிளைகள்தான் பாதிப் படம்.

இது அரசுக்கு வந்த கதையும் கொஞ்சம் வேடிக்கை. ஓவியரும் பணக்காரருமான குஸ்தாவ் கைபோத் 1894இல் இறந்தபோது தன் சேகரிப்பை நாட்டுக்கு எழுதி வைத்தார். பிசாரோ படங்கள் 18 இருந்தன. அரசு எடுத்துக்கொண்டது 7. அந்த ஏழில் இது ஒன்று.

மதியம் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே, கே வோல்தேர் 3ஆம் எண்ணில் உள்ள செனெலியே கடை. 1887 முதல் அங்கேயே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருபவர்கள் எண்ணெய் வண்ணக் குழாய்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம். டர்பன்டைனை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அதை இங்கே வாங்குவதே வழி. வெள்ளை வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பிசாரோ பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நச்சு என்பதால் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்காது. டைட்டானியம் வெள்ளை கடைக்கு வந்தது 1920 வாக்கில்தான். அது ஈய வெள்ளையைவிடப் பல மடங்கு வீரியம். பழைய கணக்கில் கலந்தால் எல்லா நிறமும் சுண்ணாம்படித்த மாதிரி வெளுத்துவிடும். பாதி அளவு போதும். துத்தநாக வெள்ளை மென்மையானதுதான், ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் இயல்பு அதற்கு உண்டு. தடித்துப் பூசும் வேலைக்கு ஆகாது.

இரவு வெங்காய சூப், 9 யூரோ. மரக்கறி என்று நம்பிக் கேட்பவர்கள் கவனம்: பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்கிறார்கள். கேட்டதும் பரிமாறுபவர் முகம் சுளிக்காமல் அடுப்படிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, ‘வேண்டாம், ஆட்டுப் பாலாடைக்கட்டி சாலட் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்.

பிப்ரவரி 19, புதன் – பொந்துவாஸ்

சேன் லசார் நிலையத்திலிருந்து பொந்துவாஸ் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பிசாரோ இங்கே முதலில் குடியேறியது 1866இல். 1870இல் பிரஷ்யாவோடு போர் வந்ததும் லண்டன் போய்விட்டு, 1872 முதல் பத்தாண்டு மறுபடி இங்கே. ரயிலடியிலிருந்து உவாஸ் ஆற்றின் மேல்கரையோடு வடகிழக்கே நடந்தால் அவர் வரைந்த லெர்மிதாஜ் பகுதி. அரை மணி நடை. வெயில் இருக்கிறது, சூடு இல்லை, 4 டிகிரி.

இந்த ஊரைப் பார்க்கச் சரியான பருவம் எது என்று கேட்டால் பயண ஏஜென்ட் ‘மே மாதம்’ என்பார். அது தப்பு. மே மாதம் பூவும் இலையும் அடர்ந்துவிடும். பாதையில் நின்றால் ஒரு கூரை தெரியாது. பிசாரோவின் அதே ஆண்டுப் பெரிய படம் ‘கோத் தெ பெஃப்’ லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது; அதிலும் மரங்கள் ஒல்லியாக, கம்பி மாதிரி எழுந்து நிற்க, இடையில் வீடுகள். இடது பக்கப் பாதையில் இரண்டு பேர் நிற்பதே பலருக்குத் தெரியாது, அவ்வளவு கிளை. இலையுதிர்ந்து, புது மொட்டு வெடிக்கும் முன் உள்ள நாட்கள்தான் இந்தப் படங்களின் காலம். டிசம்பரிலும் இலை இருக்காது, ஆனால் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். பிப்ரவரியில் மாலை ஆறு வரை வெளிச்சம் உண்டு.

படத்தில் உள்ள பழத்தோட்டத்தை இப்போது தேடக் கூடாது. சரிவுகளில் மரம் தானாக மண்டிவிட்டது, வீடுகள் கூடிவிட்டன, கார்கள் நிற்கின்றன. ஆனால் குன்றின் முதுகுக்கோடு அப்படியே இருக்கிறது. கூரைகளும் நிறைய மிச்சம். நம் ஊர் மங்களூர் ஓடு மாதிரி வரி வைத்தவை அல்ல இவை. சின்னச் சப்பை ஓடுகள், மீன் செதில் போல நெருக்கி அடுக்கியவை. வடக்குச் சரிவில் பாசியும் சாம்பல்பச்சைப் பூஞ்சையும், தெற்குச் சரிவில் வெந்த செங்கல் நிறம். ஒரே வீட்டின் இரண்டு கூரைப் பக்கமும் வெவ்வேறு நிறமாகத் தெரிவதன் காரணம் வெளிச்சம் மட்டுமில்லை, இந்தப் பாசியும்தான். சுவர்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், மேலே பூச்சு. வெயிலில் வெண்ணெய் நிறம், நிழலில் நீலம்.

நல்ல இடைவெளி ஒன்றைக் காட்டியது நாயோடு நடந்து வந்த ஒரு வயதான அம்மா. கையில் பிசாரோ அச்சுப் படத்தைப் பார்த்ததும் நின்று, வணக்கம் சொல்லி, வணக்கம் திரும்ப வரும்வரை காத்திருந்து, பிறகுதான் பேச்சே எடுத்தார். பிரான்சில் எங்கே போனாலும் இதுதான் முறை: முதலில் ‘போன்ழூர்’, அப்புறம் கேள்வி. அதைச் சொல்லாமல் வழி கேட்டால் பதில் வரும், முகம் வராது. படிக்கட்டுப் பாதை ஒன்றின் மேல்படியைக் காட்டி, ‘ஏப்ரல் வந்தால் இங்கிருந்து என் வீடே எனக்குத் தெரியாது’ என்றார்.

பாதை முழுக்கச் சேறு. மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே களி. அடிப்பக்கம் தேய்ந்த ஷூவோடு வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினால் வழுக்குவது நிச்சயம்.

மதியச் சாப்பாட்டுக் கடையில் அன்றைய சமையல் முட்டைக்கோஸ்–உருளைக்கிழங்கு சூப், ரொட்டியோடு 7.50. சுருக்கம் விழுந்த இலைகொண்ட குளிர்கால முட்டைக்கோஸில் பொந்துவாஸ் பெயரிலேயே ஒரு ரகம் உண்டு. பிசாரோ 1873இல் இந்த ஊர் முட்டைக்கோஸ் வயலை ஒரு தனிப் படமாகவே தீட்டினார். மறு ஆண்டு நடந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் காஸ்தன்யாரி, பிசாரோவின் திறமையை ஒப்புக்கொண்டுவிட்டு, இந்தக் காய்கறித் தோட்டப் பித்துதான் சகிக்கவில்லை என்று குறைப்பட்டார். சூப்பில் மிளகு போதவில்லை. மற்றபடி அந்த விமர்சகருக்கு இதை ஒரு கிண்ணம் கொடுத்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வியாழன் – அதே சரிவு, மாலையில் ஓர்சே

இன்று தூரிகை வேலை. இப்படி மரத்துக்குப் பின்னால் வீடு இருக்கும் காட்சியை எண்ணெய் வண்ணத்தில் எடுக்க நினைப்பவர்களுக்கு, எது எங்கே கெட்டுப்போகும் என்பதோடு சேர்த்து எழுதுகிறேன்.

பலகை சிறியதாக இருக்கட்டும்: 4 எண் ஃபிகர், அதாவது 33க்கு 24 செ.மீ. வெறும் வெள்ளைப் பலகை குளிர்கால வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், எல்லா நிறமும் அதன்மேல் கறுப்பாகத் தெரியும், அதனால் கை தானாக வெளுப்பைக் கலக்கும். முந்தின நாளே மஞ்சள் காவியும் சாம்பலும் கலந்து மெல்லிசாகத் தடவி வைத்துவிட வேண்டும்.

வண்ணம் அதிகம் வேண்டாம். அமெரிக்காவின் கிளார்க் கலை நிறுவனத்தில் பிசாரோவின் வண்ணத் தட்டே இருக்கிறது. விளிம்பில் குவியல் குவியலாக வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா கலந்த செம்மை, நீலம், பச்சை. நடுவில் அவற்றைக் கொண்டே ஒரு நிலக்காட்சியைத் தீட்டியிருக்கிறார், வைக்கோல் வண்டியோடு. கறுப்பு இல்லை, மண்ணிறமும் இல்லை. ஆறு குவியலில் ஊரே வருகிறது.

இனி வரிசை. முதலில் வானம், குன்று, வீட்டுக் கூட்டம், தரை என நான்கே பெரிய திட்டுகள், டர்பன்டைன் கலந்து நீர்க்க. கண்ணைச் சுருக்கிப் பார்த்து எது இருட்டு எது வெளிச்சம் என்பதை மட்டும் முடிவுசெய்தால் போதும். அடுத்து, தடித்த அடிமரங்கள் வரவேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து ஒழித்துவிட வேண்டும். அங்கே சிவப்பைத் தடித்துப் பூசிவிட்டு, பிறகு அதன்மேல் மரம் போடப் போனால்தான் சிக்கல்: தூரிகை கீழேயிருக்கும் ஈரச் சிவப்பை வாரிக்கொள்ளும், மரத்தின் பச்சைச் சாம்பலோடு அது கலந்து காபிக் கழிவு நிறமாகும். பலர் இந்த இடத்தில்தான் படத்தைக் கைவிடுகிறார்கள். அடிமரத்துக்கு ஒழித்துவைத்த சந்தில் நேரடியாக வண்ணம் வைக்கலாம். மெல்லிய கிளைகள் இன்றைக்கு வேண்டவே வேண்டாம். வண்ணம் பிசுபிசுப்பாக இறுகிய பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்து, தூரிகையை அழுத்தாமல் இழுத்தால் கிளை உடைந்து உடைந்து விழும். காய்ந்த மேடுகளில் மட்டும் படுவதால்தான் அப்படி. ஓர்சே படத்தில் கண்ட உரசல் தடம் இதேதான்.

கூரைக்குக் குழாயிலிருந்து பிதுக்கிய சிவப்பு ஆகாது. வெயில் பக்கம்: வெளிர் காட்மியம் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, துளி பச்சை சேர்த்தால் கூச்சல் அடங்கும். நிழல் பக்கம்: செம்மையோடு அல்ட்ராமரின் நீலம். தூரிகை ஓடு சரியும் திசையிலேயே இறங்க வேண்டும். கிடையாக இழுத்தால் கூரை தகரமாகிவிடும். கையில் மிச்சமிருக்கும் அதே சிவப்பைக் கழுவும் முன் முன்தரையில் நாலு இடத்தில் தொட்டு வைக்கலாம். கூரை படத்துக்குள் ஒட்டிக்கொள்வது இந்தச் சிக்கனத்தால்தான்.

கிளைகளுக்கு இடையே தெரியும் வான்துளிகள் இன்னொரு பொறி. வெட்டவெளி வானத்துக்குக் கலந்த அதே நிறத்தைச் சந்துகளில் வைத்தால் அவை பல்பு மாதிரி எரியும். ஒரு படி மங்கலாக வைத்தால் மரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

குளிரில் வண்ணம் உறையும் அளவு இறுகும். குழாய்களைக் கோட்டின் உள்பையில் வைத்திருந்தால் பிதுங்கும். இல்லாவிட்டால் குழாயின் அடி வெடித்துக் கையெல்லாம் நீலம். ஒரே வெளிச்சம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. பத்தரைக்கு ஆரம்பித்த நிழல் பன்னிரண்டரைக்கு வேறு சுவரில் இருக்கும். அதற்குமேல் துரத்தாமல் இன்னொரு பலகையை எடுப்பதே மேல்.

வியாழக்கிழமைகளில் ஓர்சே இரவு 9.45 வரை திறந்திருக்கும்; ஆறு மணிக்கு மேல் கட்டணம் 12 யூரோ. குன்றிலிருந்து நேரே ரயிலேறிப் போய், கூட்டமில்லாத நேரத்தில் அதே படத்தின் முன் நிற்க முடிந்தது. சரிவில் நாள் முழுக்கப் பார்த்த கண்ணுக்கு, படத்தின் வீடுகளில் ஜன்னல்கள் எவ்வளவு குறைவு என்பது இப்போதுதான் தெரிகிறது. வெறும் சுவர், கூரை, புகைபோக்கி. ஆளில்லாத மாதிரி இருந்தாலும் வீடு பொய்யாகவில்லை. அச்சில் இது தெரியாததற்குக் காரணம், அச்சு எல்லாக் கோட்டையும் ஒரே கூர்மையில் காட்டுவது.

பிப்ரவரி 21, வெள்ளி – ஓவேர்

பொந்துவாஸிலிருந்து ஆற்றங்கரையாக 6–7 கி.மீ. நடந்தும் போகலாம். மழை கொட்டியதால் ரயில்.

ஓவேருக்கு எல்லோரும் வருவது வான் கோவுக்காக. 1890 மே 20 வந்து, ஜூலை 29 இங்கேயே இறந்தார். அவர் தங்கிய ராவூ விடுதி குளிர்காலத்தில் அடைப்பு. அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் காஷே வீடும் அப்படியே. பிப்ரவரியில் வந்தால் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். அடைத்த வாசல் முன்னால் ஒரு கொரியக் குடும்பம் மாறி மாறிப் படமெடுத்துக்கொண்டிருந்தது.

வந்த நாளே தம்பிக்கு எழுதிய கடிதத்தில் வான் கோ, அருகி வரும் பழைய கூரை வீடுகள் இங்கே நிறைய இருப்பதைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். சில நாட்களிலேயே தீட்டிய ‘கோர்தவீல் கூரை வீடுகள்’ ஓர்சேயில் இருக்கிறது; கூரை மேகத்தோடு சேர்ந்து அலையடிக்கும். இப்போது வேய்ந்த கூரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்; மற்றதெல்லாம் ஓடும் கற்பலகையும்.

ஆனால் நம் விஷயத்துக்கு முக்கியம் பிசாரோவின் நண்பரான ஓவியர் செசான். 1872 முதல் 1874 வரை இந்தப் பக்கமே இருந்து, பிசாரோவோடு வெளியில் நின்று வரைந்தார். பிசாரோவின் லூவ்சியேன் ஊர்ப் படம் ஒன்றை இரவல் வாங்கி அப்படியே நகலெடுத்துப் பழகினார். ஓவேரில் அவர் தீட்டிய ‘தூக்குமாட்டியவரின் வீடு’ 1874இல் நடந்த அதே முதல் கண்காட்சிக்கே போனது. ஊரில் ஆங்காங்கே படம் வரையப்பட்ட இடத்தில் அச்சுப்பலகை நட்டிருக்கிறார்கள். அதை வைத்து நின்று பார்த்தால் இருவரின் கையும் பிரிகிறது. இவர்கள் வேலை செய்வதைப் பார்த்த ஓர் ஊர்க்காரர், பிசாரோ புள்ளிபுள்ளியாகக் குத்துகிறார், செசான் அப்புகிறார் என்று சொன்னதாகக் கதை. கலை விமர்சனத்தில் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட வரி குறைவு.

ரொட்டிக்கடையில் லீக் தண்டு போட்ட கீஷ் 4.80, சூடாக்கித் தந்தார்கள். காபி நின்று குடித்தால் 1.60, உட்கார்ந்தால் 2.40. குடை உடைந்தது.

பிப்ரவரி 22, சனி – எராஞி

இங்கே ஓர் எச்சரிக்கை. எராஞி என்று இரண்டு ஊர். பாரிஸிலிருந்து வரும் இதே தடத்தில், பொந்துவாஸுக்குச் சற்று முன்னால் ‘எராஞி–நேவீல்’ என்றொரு நிலையம் வருகிறது. பிசாரோவின் எராஞி அதுவல்ல. எப்த் ஆற்றங்கரை எராஞிக்கு, தடத்தின் கடைசி நிலையமான ஜிசோரில் இறங்கி, நான்கு கி.மீ.க்குள் நடக்க வேண்டும். இன்று காலைகூட ஒரு தம்பதி தப்பான நிலையத்தில் இறங்கிவிட்டு, அடுத்த வண்டியில் ஏறி வந்தார்கள். இன்னொன்று: பாரிஸ் வட்டாரத்தின் ஒற்றைச் சீட்டு (2025இல் 2.50 யூரோ) ஷார் நிலையத்தோடு முடிகிறது. ஜிசோர் நார்மண்டியில் இருக்கிறது, தனிச் சீட்டு. பரிசோதகர்கள் இதில் தயவு காட்டுவதில்லை.

பிசாரோ 1884இல் இங்கே வாடகைக்கு வந்தார். 1892இல் வீட்டை விலைக்கு வாங்க மோனே கடன் கொடுத்தார். கண்ணில் ஓயாத சீழ்த்தொல்லை, காற்றில் நிற்க முடியாது. அதனால் தொழுவத்தை ஓவியக்கூடமாக்கி, ஜன்னலிலிருந்தே புல்வெளியையும் அக்கரை பசான்கூர் கோபுரத்தையும் வருஷக்கணக்கில் தீட்டினார். பொந்துவாஸ் படங்களின் பொருக்கு இங்கே இல்லை. 1886 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டு, வண்ணத்தைச் சின்னப் புள்ளிகளாக வைக்கும் ஓவியர் சேராவின் முறை, பிறகு அதையும் தளர்த்திக்கொண்டார். ஊரில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான புல்வெளி, பாப்ளர் மரங்கள், சாலையில் லாரி. அந்தக் கோபுரம் உண்டு. அரை நாள் போதும்.

பிப்ரவரி 23, ஞாயிறு – மீண்டும் பாரிஸ்

மோன்மார்த்தின் டெர்த்ர் சதுக்கத்தில் ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ குடிசைப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கத்தியால் வழித்த மரம், ஆரஞ்சு ஜன்னல், வாசல்வரை பூ. ஒன்றுக்கு 120 யூரோ சொன்னார், திரும்பியதும் 70. வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் பார்க்கலாம்: கூரையின் நிறம் வேறெங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வீட்டை வெட்டி வேறு படத்தில் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது.

ஈரப் பலகைகளை விமானத்தில் கொண்டுபோக: ஒரே அளவில் இரண்டை முகத்துக்கு முகம் வைத்து, நாலு மூலையிலும் தக்கைத் துண்டு செருகி, இரும்புக் கிளிப்பால் இறுக்க வேண்டும். தக்கை வண்ணத்தைத் தொடாத மாதிரி மூலைகளை முன்பே காலியாக விட்டிருந்தால் நல்லது. தூரிகை கழுவிய துணியையும் மிச்ச டர்பன்டைனையும் தங்குமிடத்துக் குப்பையில் போடக் கூடாது. ஆளி எண்ணெய் ஊறிய துணி சுருட்டிக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். நனைத்து, மூடி இறுகிய டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் விடுதிக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். தடித்த வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர ஒரு வாரம் முதல் மூன்று வாரம். உள்ளே காய மாதக்கணக்கு. வார்னிஷை ஆறு மாதத்துக்கு முன் தொடவே வேண்டாம்.